வெங்காயம் நறுக்கிய டிசம்பர்

அன்புள்ள மகனுக்கு,

வெளிநாட்டுக்குக் குடிபோக நீங்கள் மூன்று பேரும் விமானம் ஏற இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது. உன் அம்மா ஒரு பெட்டியைத் திறந்து கூடத்தின் நடுவில் வைத்திருக்கிறாள். மிளகாய்ப்பொடி கொண்டுபோக விடுவார்களா, வடகம் விடுவார்களா என்று தினமும் என்னைக் கேட்கிறாள். தெரியாது என்றால், இத்தனை வருஷம் சர்க்கார் வேலை பார்த்து இதுகூடத் தெரியவில்லையா என்கிறாள். நான் பார்த்த வேலைக்கும் மிளகாய்ப்பொடிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அதனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதக் காரணம் உன் மகள். போன மாதம் என் மடியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, “தாத்தா, எங்கப்பா என்னை மாதிரி சின்னதா இருந்தப்போ என்னவா இருந்தாங்க?” என்று கேட்டாள். “ஒருநாள் மரமா இருந்தான். அதே நாள் ஆடாவும் இருந்தான்” என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த அறையிலிருந்து நீ, “என்ன மரம், என்ன ஆடு?” என்று குரல் கொடுத்தாய். உனக்கு ஒன்றுமே நினைவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாலு வயதில் நடந்தது யாருக்குத்தான் நினைவிருக்கும். முழுக்க நினைவு வைத்திருப்பவன் நான் ஒருத்தன். எனக்கும் எழுபத்தாறு ஆகிறது. இப்போதே எழுதிவிடுவது நல்லது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், உன் மனைவியை வாசித்துக் காட்டச் சொல். அவள் சிரிக்கிற இடங்களில் நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்.

எழுபதுகள் முடிகிற சமயம் அது. டெல்லி கிட்வாய் நகரில் சர்க்கார் குவார்ட்டர்ஸில், இரண்டாவது மாடியில் இருந்தோம். உன் தங்கை அம்மாவின் வயிற்றில். மாடிப்படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், நவம்பர் கடைசியில் உன் மாமா வந்து அம்மாவைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனார். உன்னையும் கூட்டிப்போவதாகத்தான் அம்மா சொன்னாள். நான்தான் விடவில்லை. ஜனவரியில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் உனக்கு இன்டர்வியூ. அதைத் தவறவிட்டால் உன் வாழ்க்கையே போய்விடும் என்று நம்பினேன். “மூணு மாசந்தான? நான் பாத்துக்கிடுதேன். ஆபீஸ்ல பதினாலு பேர மேய்க்கேன், இவன் ஒருத்தன மேய்க்க முடியாதா?” என்று சொன்னேன். உன் அம்மா உன்னுடைய ஸ்வெட்டர்கள் எந்த அலமாரியில், காதுவலி மருந்து எந்தத் தட்டில் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

மேய்ப்பது அவ்வளவு சுலபமில்லை என்று முதல் காலையிலேயே தெரிந்துவிட்டது. பனியில் ஜன்னலுக்கு வெளியே எதிர் பிளாக்கே தெரியாது. வாளித் தண்ணீரில் ராடு போட்டுச் சூடாக்கி, உன்னைக் குளிப்பாட்டி, பனியன், சட்டை, இரண்டு ஸ்வெட்டர், குல்லாய் எல்லாம் மாட்டி முடிக்கும் வேளையில், “அப்பா, சூசூ” என்பாய். எல்லாவற்றையும் கழற்றுவோம். அடுத்த தெருவில் ஏலியம்மா டீச்சர் தன் வீட்டு முன்னறைகள் இரண்டில் நர்சரி நடத்தினார். கோட்டயத்துக்காரர். இருபது பிள்ளைகள். சைக்கிள் பாரில் உன்னை உட்கார வைத்து அங்கே விட்டுவிட்டு நான் பஸ் பிடிப்பேன். மத்தியானம் நர்சரி விட்டதும் நம் கீழ் வீட்டு சர்தார்ஜி உன்னைக் கூட்டிவருவார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பஞ்சு மாதிரி வெள்ளைத் தாடி. அவரை நீ பாபாஜி என்பாய், அவர் மனைவியை பீஜி என்பாய். நான் வரும்வரை அவர்கள் வீட்டில்தான் இருப்பாய். எனக்குச் செய்யத் தெரிந்தது உப்புமா ஒன்றுதான். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று பீஜி மூன்று நாள் தொடர்ந்து கேட்டு, மூன்று நாளும் நீ உப்புமா என்று சொல்ல, நாலாம் நாள் முதல் உன் மத்தியானச் சாப்பாட்டை அவரே எடுத்துக்கொண்டார். ராத்திரி உப்புமா மட்டும் என் பொறுப்பில் தொடர்ந்தது.

சாயங்காலம்தான் கஷ்டம். கீழிருந்து உன்னை மேலே கூட்டிவந்ததும், வாசல் நிலையில் மாடிப்படியைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாய். ஏதாவது செருப்புச் சத்தம் ஏறி வந்தால் எழுந்து நிற்பாய். அது எதிர் வீட்டுக்காரியாக இருக்கும். உடனே அழ ஆரம்பிப்பாய். கதை சொன்னேன், யானையாக முதுகில் ஏற்றினேன், ரேடியோவைத் திருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. தூங்கும் வரை அழுவாய். எட்டாவது நாள் ஆபீஸில் எனக்கு ஒரு மாதிரியான நாள், மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு தலைவலியோடு வந்திருந்தேன். அன்றைக்குத்தான் ஏலியம்மா டீச்சர் உங்களுக்கெல்லாம் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பற்றிச் சொல்லியிருந்தார். நீ வாசலில் உட்கார்ந்து ஆரம்பித்தபோது என் வாயில் அது வந்துவிட்டது.

“அழுவுத பிள்ளைங்க வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வரமாட்டாரு, தெரியுமா?”

நீ பாதி அழுகையில் நிறுத்தினாய். “அவருக்கு எப்படித் தெரியும்?”

“எல்லாம் கேக்கும் அவருக்கு.”

“வாயை மூடிக்கிட்டு அழுதா?”

“அதும் தெரியும்.”

“ஒரே ஒரு சொட்டு வந்தா?”

“ஒரு சொட்டு வந்தாலும் அழுகை அழுகைதான்.”

ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். அவ்வளவுதான். மறுநாள் வாசலில் உட்கார்ந்தாய், அழவில்லை. அதற்கு மறுநாள் வாசலுக்கே போகவில்லை. எனக்கு ஏதோ பதவி உயர்வு வந்த மாதிரி இருந்தது. உன் அம்மாவுக்கு இன்லண்ட் லெட்டரில், ‘பையன் அழுவதே இல்லை. உன்னைக் கேட்பதுகூட இல்லை. நீ கவலையில்லாமல் இரு’ என்று எழுதினேன். ஆபீஸிலும் சொன்னேன். சின்னப் பிள்ளைகள் உள்ள மூன்று பேர், அது என்ன வார்த்தை, சரியாகச் சொல்லுங்கள் என்று கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள். அந்தப் பிள்ளைகளிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டு நாள் கழித்து உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ சமையலறை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தாய்.

“அப்பா, உங்க கண்ணுல ஏன் தண்ணி வருது?”

“வெங்காயம்லா. காந்துது.”

“தாத்தா வரமாட்டாரா?”

“வெங்காயத்துக்கு வந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அது அழுகை இல்ல.”

நீ கூடத்துக்குப் போய்ப் பிரம்பு மோடாவை இழுத்துக்கொண்டு வந்தாய். அதன்மேல் ஏறி நின்று, நறுக்கிய வெங்காயத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாய். பொலபொலவென்று கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. “எனக்கும் காந்துது” என்று மிகத் திருப்தியாகச் சொன்னாய். மறுநாளிலிருந்து நான் கோட்டைக் கழற்றுவதற்குள் மோடா சமையலறைக்கு வந்துவிடும். “அப்பா, ஜல்தி. வெங்காயம் நறுக்கலாம்.” ஒன்று நறுக்கி முடித்தால், “இன்னொண்ணு” என்பாய். அந்த டிசம்பரில் நம் வீட்டில் வெங்காய உப்புமா, வெங்காயச் சாம்பார், வெங்காயப் பச்சடி. மீந்ததைக் கிண்ணத்தில் போட்டு பீஜிக்குக் கொடுத்தனுப்பினோம். சில நாள் உன் உதடு துடிக்கும், மூக்கு சிவந்து தோள் குலுங்கும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்த வருஷம் வெங்காயத்துக்குக் காரம் ஜாஸ்தி என்று நினைத்தேன். ‘சமையலில் எனக்கு நல்ல ஒத்தாசை’ என்று அம்மாவுக்கு அதையும் பெருமையாக எழுதினேன்.

இதற்கு நடுவில்தான் மரமும் ஆடும் வந்தன. விடுமுறைக்கு முன்னால் நர்சரியில் ஒரு சின்ன நாடகம் என்று டீச்சர் முடிவு செய்தார். குழந்தை ஏசு தொழுவத்தில் பிறக்கிற காட்சி. யாருக்கு என்ன வேஷம், என்ன உடை என்று எழுதி எல்லாப் பிள்ளைகள் கையிலும் சீட்டுக் கொடுத்தனுப்பினார். உன் சீட்டை நீ கப்பல் செய்து பீஜி வீட்டு வாளியில் விட்டுவிட்டாய். அதனால் எனக்கு வந்தது உன் வாய்வார்த்தை மட்டும்.

“அப்பா, டீச்சர் என்னைப் பேட் ஆக்கிட்டாங்க.”

இங்கேதான் உன் அப்பாவின் ஹிந்தி வேலை செய்தது. ஹிந்தியில் மரத்துக்கும் பேட், செம்மறி ஆட்டுக்கும் பேட். ஹிந்திக்காரர்கள் காதுக்கு அவை முற்றிலும் வேறு வேறு சொற்கள், உனக்கும் அப்படித்தான், நீ அங்கேயே பிறந்தவன். எட்டு வருஷம் டெல்லியில் இருந்த என் திருநெல்வேலிக் காதுக்கு இரண்டும் ஒன்றேதான். கிறிஸ்துமஸ் என்றால் மரம் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே மரம் என்று முடிவு செய்தேன். அம்மாவின் பச்சை வாயில் துணிச் சேலையை எடுத்து உனக்குச் சுற்றி அளவு பார்த்தேன். தண்டுக்கு என்னுடைய காப்பிக்கொட்டை நிற மஃப்ளர். காலனி ஓரத்து அசோக மரத்திலிருந்து இலை பறித்துவந்து ஊசியால் கோக்க ஆரம்பித்தேன். நீ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

“அப்பா, பேட்டுக்கு இலை இருக்குமா?”

“இலை இல்லாம பேட் உண்டா?”

“பேட் இலையைத் திங்கும்லா?”

“பேட் எதுக்குடே இலையைத் திங்கப்போவுது? பேட்லதான இலையே இருக்கு.”

நீ அதற்குமேல் கேட்கவில்லை. ஏசு பிறந்த ஊர் ஆடுகளுக்கு இலை முளைத்திருக்கும் போல என்று எடுத்துக்கொண்டாயோ என்னவோ. அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு நாலு வயதுப் பிள்ளை நம்புகிற நம்பிக்கை இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

நாடகம் ஒரு காலை வேளையில், காலனி புல்வெளியில். பனி விலகி வெயில் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. தரையில் ஜமக்காளம், பின்னால் மூங்கில் நாற்காலிகள். மஃப்ளரில் கால்கள் இரண்டும் சேர்ந்து கிடந்ததால் உன்னால் நடக்க முடியவில்லை, தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் வெள்ளைச் சட்டை, பஞ்சுக் காது, பஞ்சு வாலோடு உட்கார்ந்திருந்தார்கள். ஏலியம்மா டீச்சர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சாரே, இது எந்தா?”

“மரம், டீச்சர். பேட்.”

“நான் பறஞ்சது மரமில்லா சாரே. ஆடு. செம்மறி ஆடு.”

எனக்குப் புரிய வேண்டும் என்று அந்த இரண்டு சொற்களையும் நிறுத்தி நிதானமாக இரண்டு இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். நான் ஒரே சொல்லை நான்கு தடவை கேட்டேன். இலைகளுக்குள்ளிருந்து நீ சொன்னாய், “நான் அப்பவே சொன்னேம்லா, பேட் இலையைத் திங்கும்னு.”

உடை மாற்ற நேரமில்லை. சாரமில்லை, போகட்டும், தொழுவத்துக்குப் பக்கத்தில் ஒரு மரமும் இருக்கட்டும் என்று சொல்லி டீச்சர் உன்னைப் பொம்மைக் குழந்தை கிடந்த பெட்டிக்குப் பின்னால் நிறுத்தினார். நாடகம் நல்லபடியாகத்தான் போனது. மரியாளாக வந்த பஞ்சாபிப் பெண் சிவப்பு ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தாள், அவ்வளவுதான். ஆடுகள் சத்தம் போட வேண்டிய இடம் வந்தது. கூட்டத்தைப் பார்த்த மூன்று ஆடுகளும் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் ஓரத்தில் நின்று கையை ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை. அப்போது மரம், “மே” என்றது. நல்ல கனமான குரல். புல்வெளி முழுக்கச் சிரிப்பு. உனக்கு அது பாராட்டாகத் தோன்றியது போல. மறுபடி “மே” என்றாய். குதித்துக் குதித்து முன்னால் வந்து ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாய். அதில் தைரியம் வந்த ஓர் ஆடு உன் தோளிலிருந்து ஓர் இலையைப் பறித்துக் கடித்தது. நீ கூட்டத்தில் என்னைத் தேடி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “பாத்தீங்களா அப்பா, திங்குது” என்று சொன்னாய்.

நீ போகிற ஊரின் பேச்சை உன் மகள் மூன்றே மாதத்தில் காதில் வாங்கிவிடுவாள். உனக்கு வருஷங்கள் ஆகும், சில சத்தங்கள் கடைசிவரை பிடிபடாது. அவள் சொல்வது அசட்டுத்தனமாகத் தோன்றினால் இன்னொரு தடவை கேள். எனக்கு நீ இரண்டு வாய்ப்புக் கொடுத்தாய். இரண்டையும் நான் சிரித்துத் தள்ளிவிட்டேன்.

நாடகம் முடிந்ததும் கிறிஸ்துமஸ் தாத்தா வந்தார். வந்தவர் நம் கீழ் வீட்டு சர்தார்ஜி. ஒட்டுத்தாடி தேட வேண்டியதில்லை என்று டீச்சர் அவரைக் கேட்டிருந்தார். சிவப்புத் தலைப்பாகை கட்டி, பீஜியின் சிவப்பு சால்வையைச் சுற்றிக்கொண்டு, தலையணை உறையைத் தோளில் போட்டபடி ஆடி ஆடி வந்தார். நீ அவரை உற்றுப் பார்த்தாய்.

“அப்பா, இது பாபாஜி.”

நான் உன் தோளில் தொங்கிய இலையைச் சரிசெய்தேன்.

“பாபாஜிதான் தாத்தாவா?”

ஒரு பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். “ஆமா” என்றேன்.

உன் முகம் மாறியது. நம் வீட்டுத் தரைக்கு நேர் கீழேயே இத்தனை நாளும் அவர் உட்கார்ந்திருந்திருக்கிறார். “அதான் எல்லாம் கேட்டிருக்கு” என்றாய் மெதுவாக.

சர்தார்ஜி நாற்காலியில் உட்கார, ஒவ்வொரு பிள்ளையாகப் போய் ஓர் ஆரஞ்சுப் பழமும் டாஃபிப் பொட்டலமும் பந்தும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். உன் முறை வந்தது. மஃப்ளரை அவிழ்த்துவிட்டேன். இலைகளை உதிர்த்துக்கொண்டே போனாய். வாங்கிக்கொண்டாய். ஆனால் திரும்பவில்லை. அவர் முழங்காலைத் தொட்டு, “பாபாஜி, மை ஏக் பார் பி நஹி ரோயா” என்றாய். ஒரு தடவைகூட நான் அழவில்லை என்று.

“ஷாபாஷ், புத்தர்” என்றார் அவர். பஞ்சாபியில், சபாஷ் மகனே என்று.

நீ இன்னும் நின்றாய். “அப் ரோ லூங்?” என்று கேட்டாய்.

இனிமேல் அழுதுக்கலாமா என்று கேட்டாய், மகனே.

அவருக்குப் புரியவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் போய், என் ஓட்டை ஹிந்தியில், நான் உன்னிடம் சொன்னதைச் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தலையணை உறையைக் கீழே வைத்துவிட்டு உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “ரோ லே, புத்தர். ஜித்னா மர்ஜி ரோ லே.” எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் அழு என்று. நீ உடனே அழவில்லை. மடியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாய். “இதப் பிடிங்க” என்று பழத்தையும் பொட்டலத்தையும் பந்தையும் என் கையில் கொடுத்தாய். திரும்பப் போய் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையும் காலியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அப்புறம் ஆரம்பித்தாய்.

அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. “அம்மா, அம்மா” என்று அடிவயிற்றிலிருந்து வந்தது. முதலில் ஆடுகளில் ஒன்று உதட்டைப் பிதுக்கியது. அடுத்து மரியாள். பிறகு சூசை, மேய்ப்பர்கள், தேவதைகள், வரிசையாக எல்லோரும். அவரவர் அம்மா பக்கத்திலேயே இருந்தும் மற்றப் பத்தொன்பது பிள்ளைகளும் அம்மா என்றும் மம்மி என்றும் அழுதார்கள். ஏலியம்மா டீச்சர் டாஃபிப் பையோடு அங்கும் இங்கும் ஓடினார். சர்தார்ஜியின் கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. நான் உன் முன்னால் குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்து, திரும்பக் கட்டினேன். எனக்கும் அப்போது அழுகை வந்துவிட்டது, அதை யாரும் பார்க்கக் கூடாது என்று இருந்தது. கால் மணி நேரம் கழித்து நீ ஒரு விக்கலோடு நிறுத்தினாய். “ஆரஞ்சு குடுங்க” என்று கையை நீட்டினாய்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல வெங்காயத்தை எடுத்து வைத்துவிட்டு, மோடா வரவில்லையே என்று உன்னைக் கூப்பிட்டேன். நீ கூடத்தில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தாய். “வேண்டாம்பா, கண்ணு காந்தும்” என்றாய். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். அந்த இரண்டு வாரத்து வெங்காயமும் என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைய உப்புமாவில் வெங்காயம் கிடையாது. நீ அதைக் கவனிக்கவே இல்லை.

இரண்டு நாளில் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. என் பெருமைக் கடிதத்துக்குப் பதில். உடம்பு பரவாயில்லை, டாக்டர் வந்து பார்த்தார் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இடம் பற்றாத மூலையில் பொடி எழுத்தில், ‘அவன் என்னைக் கேட்பதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நல்லதுதான். அதைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் அழுதேன்’ என்று எழுதியிருந்தாள். ஒரு பொய் சொல்லி உன் அழுகையை மறைத்தேன், அது ஆயிரத்தெழுநூறு மைலுக்கு அப்பால் போய் அவளை அழவைத்திருக்கிறது. அன்றைக்கே உட்கார்ந்து நடந்தது முழுவதையும் எழுதினேன். வெங்காயத்தை எழுதினேன். மடியில் ஏறி உட்கார்ந்து அழுததை எழுதினேன். பச்சைச் சேலையில் ஊசி ஓட்டை விழுந்ததையும் எழுதினேன். நான் அழுததை மட்டும் எழுதவில்லை. ஆம்பிளை அதையெல்லாம் எழுதுவானா என்று இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில், பொம்மை அடுப்புக்குப் பெட்டியில் இடமில்லை என்று உன் குட்டி அழுதபோது, “அழுற பிள்ளைங்கள ப்ளேன்ல ஏத்த மாட்டாங்க” என்று நீ சொன்னாய். அவள் டக்கென்று நிறுத்தினாள். நீ என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், அதே சிரிப்போடு நான் ஆபீஸில் மூன்று பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். உன்னைக் குறை சொல்லவில்லை. வீட்டைக் காலி செய்கிற அலைச்சலில் வாயில் வந்தது. ஆனால் நீ அவளிடமிருந்து எடுத்துவிடுவது அவள் வீட்டையும், பள்ளிக்கூடத்தையும், எதிர் வீட்டுத் தோழியையும், எங்கள் இரண்டு பேரையும்தான். அவளைக் கூப்பிட்டு, அழுகிறவர்களுக்கும் ப்ளேனில் சீட் உண்டு என்று சொல்லிவிடு. முடிந்தால் அந்த அடுப்பையும் பெட்டியில் வைத்துவிடு. மிளகாய்ப்பொடியைக் குறைத்தால் இடம் வரும். நான் சொன்னேன் என்று அம்மாவிடம் சொல்லாதே.

ஜனவரி இன்டர்வியூவையும் சொல்லிவிடுகிறேன். அப்பா என்ன செய்கிறார் என்று ஒரு அம்மையார் கேட்க, “ப்யாஜ் காட்தே ஹை” என்றாய். வெங்காயம் வெட்டுகிறார் என்று. அவர் என் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடம் கிடைத்தது. எதற்காகக் கிடைத்தது என்று இன்றுவரை தெரியாது.

அந்த மாதமே தங்கை பிறந்த தந்தி வந்தது. மார்ச் நடுவில் அம்மா வந்தாள். நீயும் நானும் ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம். ரயில் நின்று, மாமா பெட்டிகளை இறக்க, அம்மா துணியில் சுற்றிய குழந்தையோடு இறங்கினாள். நீ ஓடுவாய் என்று நினைத்தேன். நீ என் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். அம்மா குழந்தையை மாமாவிடம் கொடுத்துவிட்டு, பிளாட்பாரத்திலேயே முழங்காலிட்டு உட்கார்ந்தாள். நீ ஒவ்வோர் அடியாக வந்தாய். அவள் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாய். அப்புறம்தான் கழுத்தைக் கட்டிக்கொண்டாய்.

“எய்யா, அம்மாவ நெனச்சு அழுதியாமே?” என்று அவள் கேட்டாள்.

“அப்பாவும்தான் அழுதாங்க” என்றாய் நீ. “ஷூ கட்டுத மாதிரி குனிஞ்சுக்கிட்டு அழுதாங்க. என் காலு நனஞ்சுட்டு.”

கூலிக்காரர் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, “சலோ பாபுஜி” என்று அவசரப்படுத்தினார். மாமா வேறு பக்கம் பார்த்தார். உன் அம்மா உட்கார்ந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

“நெசமாவாங்க?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நான் அவளிடம் பேசிய முதல் நல்ல பேச்சு அந்த ஒரு ‘ஆமா’தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எல்லோரும் சுகமாகப் போய்ச் சேருங்கள்.

உன் அப்பா